144 கட்டங்களில் ஒரு குடும்பம்: நேர நாட்குறிப்புப் படிவம் – மதிப்புரை

குடும்பம் சமூகத்துக்கு என்ன செய்கிறது? சமூகவியல் படிக்க வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே இதற்கு நாலைந்து விடைகள் கிடைத்துவிடும். மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 1949-இல் 250 சமூகங்களின் தகவல்களை ஒப்பிட்டு, பாலுறவை ஒழுங்குபடுத்துவது, பிள்ளை பெறுவது, பொருளாதாரத் தேவைகளைக் கவனிப்பது, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்று நான்கு பணிகளைச் சொன்னார். சமூகவியலாளர் தால்காட் பார்சன்ஸ் 1955-இல், தொழில்மயமான சமூகத்தில் குடும்பத்தின் கையில் மிஞ்சியிருப்பவை இரண்டே என்றார்: குழந்தையைச் சமூக மனிதராக வளர்த்தெடுப்பது, பெரியவர்களின் மனம் நிலைகுலையாமல் பார்த்துக்கொள்வது. அந்தப் பணிகளையெல்லாம் யார் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று மார்க்சியர்களும் பெண்ணியர்களும் திருப்பிக் கேட்டார்கள். ஆட்கள் அன்றாடம் பழகுவதில் உருவாகும் அர்த்தங்களைப் பார்க்கும் ஊடாட்டவாதிகள், அந்தந்த வீட்டுக்காரர்கள் எதைக் குடும்பம் என்று நினைக்கிறார்களோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார்கள்.

இந்த நான்கு தரப்பும் பேசுவது ஒரே வீட்டுக்குள் ஒரே நாளில் நடப்பதைப் பற்றித்தான். அந்த நாளைப் பிடித்துவைக்கும் கருவிதான் நேர நாட்குறிப்புப் படிவம். ‘குடும்பம் பிள்ளையை வளர்க்கிறது’ என்று பாடப்புத்தகம் எழுதினால், அந்த வாக்கியத்தின் உண்மையான எழுவாய் யார் என்று இந்தப் படிவம் காட்டிக்கொடுக்கும். ஆய்வேட்டுக்காகவோ களப்பணிக்காகவோ இதைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்கு இது எங்கே நம்பத்தக்கது, எங்கே காலை வாரும் என்பதைச் சொல்வதற்கே இந்த மதிப்புரை.

முதலில் அதன் அமைப்பு. பல வகைப் படிவங்கள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது, ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் ஒத்திசைத்துப் பயன்படுத்துகிற 10 நிமிடக் கட்ட வகை. ஒரு நாளுக்கு 144 வரிகள். ஒவ்வொரு வரியிலும் முதன்மையாகச் செய்த வேலை, கூடவே செய்த வேலை, இருந்த இடம், உடன் இருந்தவர்கள் என நான்கு பத்திகள் (நெடுக்கு நிரல்கள்). வேலையைப் பதிலளிப்பவர் தன் சொந்த வார்த்தைகளில் எழுதுவார், ‘உடன் யார்’ என்பதற்கு மட்டும் டிக் அடித்தால் போதும். நாள் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடியும். நள்ளிரவில் வெட்டினால் இரவு வேலைகள் இரண்டு நாளாகத் துண்டுபடும், 4 மணிக்குப் பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள். ஆளுக்கு இரண்டு நாட்கள்: ஒரு வார நாள், ஒரு வார இறுதி நாள். ஒரு பக்கத்துக்கு 3 மணி நேரம், அதாவது 18 வரிகள் என்று அச்சடித்தால் எழுத இடம் தாராளமாக இருக்கும். பக்கத்தை மிச்சம் பிடிக்க 36 வரிகளை நெருக்கினால் ‘கூடவே செய்த வேலை’ பத்தி காலியாகத் திரும்பி வரும். அந்தப் பத்திதான் இந்தக் கருவியின் உயிர்.

இவ்வளவு மெனக்கெடாமல், ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறீர்கள்?’ என்று நேராகக் கேட்டுவிட்டால் என்ன? கேட்கலாம், விடையும் வரும், ஆனால் அது நிற்காது. தூக்கம், சம்பள வேலை, சமையல், பயணம், ஓய்வு என்று தனித்தனியாகக் கேட்டுக் கூட்டினால், வாரத்தின் 168 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் பலர். ஞாபகத்தில் வேலைகள் தனித்தனியாக நிற்கின்றன, நாளில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் இடம் பிடிக்கின்றன. நாட்குறிப்பில் 24 மணி நேரத்துக்கு மேல் எழுதவே முடியாது என்பதால் இந்தப் பிழைக்கு வழியில்லை.

கேள்வியின் வார்த்தை எப்படி ஒரு கோட்பாட்டையே தாங்கி நிறுத்தும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. லண்டனில் நடத்திய ஆய்வை வைத்து மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1973-இல், கணவனும் மனைவியும் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ‘சமச்சீர் குடும்பம்’ வந்துகொண்டிருக்கிறது என்று வாதிட்டார்கள். அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று, கணவர்களில் 72 விழுக்காட்டினர் வீட்டு வேலையில் உதவுகிறார்கள் என்பது. பெண்ணியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி அந்த எண்ணின் அடியில் இருந்த கேள்வியைத் தோண்டினார். பாத்திரம் கழுவுவது தவிர்த்து, வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு வேலை செய்தாலே ‘உதவுகிறார்’ கணக்கில் சேர்ந்துவிடலாம். தன் கால்சட்டையைத் தானே இஸ்திரி போட்டால்கூடப் போதும். 1974-இல் வெளியான அவருடைய சொந்த ஆய்வில் 40 இல்லத்தரசிகளின் வீட்டு உழைப்பு சராசரியாக வாரத்துக்கு 77 மணி நேரம் வந்தது. ஒரு பக்கம் ‘ஆம், இல்லை’, இன்னொரு பக்கம் மணிக்கணக்கு. எதை அளக்கிறோம் என்பதை வைத்தே குடும்பத்தைப் பற்றிய முடிவு புரண்டுவிடுகிறது.

இப்போது நிரப்பிய படிவம் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். விளக்கத்துக்காக ஒரு தாயின் காலை 7 முதல் 8 வரை, ஆறு வரிகள். 7.00, 7.10 இரண்டிலும் முதன்மை வேலை சமையல், கூடவே மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. 7.20-இல் மகளுக்குத் தலை வாரியது, கூடவே அடுப்பைப் பார்த்துக்கொண்டது. 7.30-இல் மறுபடி சமையல், கூடவே வீட்டுப் பெரியவரின் மருந்துக்காகக் கடைக்குத் தொலைபேசி. 7.40-இல் தான் சாப்பிட்டது, கூடவே மகளைச் சாப்பிட வைத்தது. 7.50-இல் மகளைப் பள்ளிக்குக் கிளப்பியது, கூடவே எதுவும் இல்லை.

முதன்மைப் பத்தியை மட்டும் கூட்டுங்கள்: சமையல் 30 நிமிடம், குழந்தைப் பராமரிப்பு 20, சாப்பாடு 10. இரண்டாம் பத்தியையும் சேர்த்தால் குழந்தைப் பராமரிப்பு 20-இலிருந்து 50 நிமிடமாகிறது. முதல் பத்தியில் தடயமே இல்லாத முதியோர் பராமரிப்பு 10 நிமிடமாக எட்டிப் பார்க்கிறது. குடும்பம் சமூகத்துக்குச் செய்து தருவதில் பெரும்பகுதி இப்படி இன்னொரு வேலையின் முதுகில் ஏறித்தான் நடக்கிறது. இரண்டாம் பத்தியை நீக்கிவிட்டு வரும் எளிய படிவங்களைப் பரிந்துரைக்க மனம் வராததற்கு இதுவே காரணம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பத்திகளையும் கூட்டினால் மேலே சொன்ன ஒரு மணி நேரம் 110 நிமிடமாகிவிடும். 24 மணி நேர அட்டவணையில் முதன்மை வேலைகளை மட்டுமே கூட்ட வேண்டும். கூடவே செய்தவை தனி அட்டவணையில் வர வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள் இரண்டையும் ஒரே எக்செல் நிரலில் போட்டுவிட்டு, நாளுக்கு 31 மணி நேரம் வந்ததே என்று திகைப்பார்கள்.

அதே வீட்டில் தந்தையின் படிவம் 7.00 முதல் 7.30 வரை ‘செய்தி படித்தேன்’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘உடன் யார்’ பத்தியில் துணை, குழந்தை இரண்டிலும் டிக். தாயின் அதே மூன்று வரிகளில் குழந்தைக்கு மட்டும் டிக். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரே வீட்டில் இருப்பதே கூட இருப்பது, மற்றவருக்குக் கைகொடுத்தால்தான் கூட இருப்பது. இதைத் தவிர்க்க வேண்டுமானால் ‘ஒரே அறையில்’ என்றோ ‘கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்’ என்றோ வரையறையை முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ஆனால் இந்தப் பொருந்தாமையைச் சுத்தம் செய்து தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். ஊடாட்டவாதப் பார்வையில் ஆய்வு செய்கிறவருக்கு இதுதான் தரவு: ஒரே அரை மணி நேரத்துக்கு ஒரு வீட்டில் இரண்டு அர்த்தங்கள். தம்பதி இருவரும் ஒரே நாளில் நிரப்பினால்தான் இது கிடைக்கும். ஆளுக்கொரு நாள் கொடுத்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

எந்தப் பார்வைக்கு எவ்வளவு தாங்கும்?

பெண்ணியப் பார்வைக்கும் மார்க்சியர்களின் முரண்பாட்டுப் பார்வைக்கும் இது கச்சிதமான கருவி. கூலியில்லாத வேலையை வேலை என்று நிறுவ வேண்டுமானால் முதலில் அதை ஓய்விலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கு மார்கரெட் ரீட் 1934-இல் கொடுத்த சோதனை இன்றும் நிற்கிறது: அந்தச் செயலை மூன்றாம் ஆள் ஒருவரிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்ய வைக்க முடியுமா? முடியுமானால் அது வேலை. துணி துவைக்க ஆள் வைக்கலாம், ஆகவே வேலை. நமக்காக இன்னொருவர் தூங்க முடியாது. ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989-இல், வேலைக்குப் போகும் மனைவிகள் வீடு திரும்பியதும் இரண்டாவது ஷிப்டைத் தொடங்குகிறார்கள் என்று எழுதியபோது, அந்த வாதத்துக்கு முதுகெலும்பாக இருந்தவை முந்தைய நேரப் பயன்பாட்டு ஆய்வுகளே. கணவர்களைவிட வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் கூடுதல். 52 வாரத்துக்கு 780 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாக 32 நாட்களுக்கு மேல். ஆண்டுக்கு ஒரு மாதம் கூடுதல் உழைப்பு என்று அவர் சொன்னது இந்தக் கணக்குதான்.

குடும்பத்தின் பணிகளைப் பேசும் மர்டாக், பார்சன்ஸ் போன்ற செயற்பாட்டுவாதிகளுக்குப் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும். குழந்தையோடு பெரியவர் செலவிட்ட நேரம் துல்லியமாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் குழந்தை எதைக் கற்றுக்கொண்டது என்பது கிடைக்காது. ‘மகனோடு கடைக்குப் போனேன்’ என்ற 40 நிமிடத்தில் பேரம் பேசக் கற்றானா, வரிசையில் நிற்கக் கற்றானா, அப்பா திட்டுவதைக் கேட்டானா என்று படிவத்துக்குத் தெரியாது. சமூகமயமாக்கத்தை அளந்துவிட்டேன் என்று இதை மட்டும் வைத்து எழுதும் ஆய்வேட்டை நம்பாதீர்கள். அளந்தது அதற்குக் கிடைத்த வாய்ப்பை மட்டும்தான். பார்சன்ஸ் சொன்ன இரண்டாவது பணி, பெரியவர்களுக்கு மன அமைதி தருவது, இன்னும் கடினம். வீடு திரும்பிய துணையின் புலம்பலைக் கேட்ட 20 நிமிடத்தைப் பலரும் ‘டீவி பார்த்தேன்’ என்று எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் டீவியும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கருவியின் மிகப் பெரிய ஓட்டை மனதில் சுமக்கும் வேலை. ஆலிசன் டேமிங்கர் 2019-இல் 35 தம்பதிகளிடம் பேசி, வீட்டின் சிந்தனை வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் இருவரும் பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் பக்கமே விழுகின்றன. இவற்றில் எதற்கும் 10 நிமிடக் கட்டம் இல்லை. தடுப்பூசித் தேதி நினைவுக்கு வருவது பேருந்தில் நிற்கும்போது, நாலு விநாடியில். படிவம் அதைப் ‘பயணம்’ என்று பதிவு செய்யும்.

இதற்காகப் படிவத்தில் ‘மனதில் ஓடியது’ என்று 144 வரிக்கும் ஒரு பத்தி சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். மதியத்துக்குள் பதிலளிப்பவர் களைத்துப்போவார், மற்றப் பத்திகளும் கெடும். மறுநாள் அரை மணி நேர நேர்காணல் வையுங்கள். படிவத்திலிருந்து ஐந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: ‘இதைச் செய்ய வேண்டும் என்று யாருக்கு முதலில் நினைவு வந்தது?’ கணவர் குழந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போன ஒரு மணி நேரம் படிவத்தில் அவர் கணக்கில் இருக்கும். முன்பதிவு செய்தது, விடுப்புக் கடிதம் எழுதியது, பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து வைத்தது யார் என்பது இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும்.

அடுத்த குறை, படிவத்தின் அலகு வீடு. குடும்பமோ வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. எலிசபெத் பாட் 1957-இல் வெறும் 20 குடும்பங்களை ஆழமாகப் பார்த்து ஒன்றைக் கவனித்தார். உறவினரும் நண்பரும் ஒருவரையொருவர் நெருக்கமாக அறிந்த வட்டத்தில் இருக்கும் தம்பதிகளிடம் ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவு கறாராக இருந்தது. வட்டம் சிதறியிருந்தவர்கள் ஒன்றாகச் செய்தார்கள். வேலைப் பங்கீட்டின் காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கலாம் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் அழகு. வழக்கமான படிவத்தில் ‘வீட்டில் இல்லாத, தெரிந்த ஒருவர்’ என்று ஒரே ஒரு டிக் கட்டம் இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மாவும் அலுவலகத் தோழரும் அதே கட்டத்தில் விழுவார்கள்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடிய ஒரே மாற்றம் எது என்று கேட்டால், ‘யாருக்காக’ என்று ஒரு ஒற்றை எழுத்துப் பத்தியைச் சேருங்கள் என்பதே பதில். தனக்கு, வீட்டாருக்கு, வேறு வீட்டில் இருக்கும் உறவுக்கு, மற்றவருக்கு என நான்கு எழுத்துகள் போதும். இரண்டு வீட்டுக்குச் சேர்த்துச் சமைத்த 50 நிமிடம் அப்போதுதான் தெரியும். குடும்பம் என்பது இருக்கும் ஒரு பொருள் அல்ல, அன்றாடம் செய்யப்படும் ஒன்று என்று டேவிட் மார்கன் 1996-இல் வைத்த வாதத்தை இந்தப் பத்தி இருந்தால்தான் சோதித்துப் பார்க்கவே முடியும்.

கணக்கில் கெடும் இடங்கள்

களத்தில் நன்றாக நடந்த ஆய்வுகூட மேசையில் கெட்டுப்போகும்.

நாளைப் பதிலளிப்பவரைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். விட்டால் வேலை குறைந்த நாளையோ, காட்டிக்கொள்ளத் தக்க நாளையோதான் எடுப்பார்கள். குலுக்கி ஒதுக்குங்கள். அன்று முடியாவிட்டால் அடுத்த வாரம் அதே கிழமை.

வார நாளையும் வார இறுதியையும் அப்படியே கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். வார நாளில் 70 நிமிடம், வார இறுதி நாளில் 140 நிமிடம் என்றால் சராசரி 105 இல்லை. ஐந்து எழுபது 350, இரண்டு 140 சேர்ந்து 280, மொத்தம் 630, ஏழால் வகுத்தால் 90.

பத்து ஆண்களில் நான்கு பேர் அன்று தலா 60 நிமிடம் சமைத்திருந்தால், சமைத்தவர்களின் சராசரி 60, எல்லோருடைய சராசரி 24. இரண்டுமே சரியான எண்கள், சொல்லும் சேதிதான் வேறு. பெண்களுக்கு ஒன்றையும் ஆண்களுக்கு மற்றொன்றையும் எடுத்து ஒப்பிட்டுவிடும் கட்டுரைகள் அச்சிலேயே வருகின்றன. தலைப்பில் எந்தச் சராசரி என்று எழுதாத அட்டவணையை ஏற்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பூஜ்யம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் துணி துவைப்பவரிடம் ஒரு நாள் படிவம் கொடுத்தால், ஏழில் ஆறு வாய்ப்பு ‘துவைப்பது: 0’ என்று வர. அதை வைத்து ‘இந்த வீட்டில் இவர் துவைப்பதே இல்லை’ என்று எழுதினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். நூற்றுக்கணக்கான படிவங்களில் இந்தப் பூஜ்யங்கள் சராசரியில் சரியாக ஈடுகட்டிக்கொள்ளும், ஒரு தனி வீட்டுக்கு ஈடுகட்டாது. குடும்ப ஆலோசனையிலோ ஒற்றைக் குடும்ப ஆய்விலோ இரண்டு நாள் படிவத்தைத் தீர்ப்பாகப் பயன்படுத்தவே கூடாது. குறைந்தது ஏழு நாள் வேண்டும். ஏழு நாளும் ஒரே ஆள் சலிக்காமல் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் கடினம், அதனால் அதற்கு 10 நிமிடத்துக்குப் பதில் 15 அல்லது 30 நிமிடக் கட்டம் எடுத்துக்கொள்ளலாம்.

தரம் பார்க்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய சல்லடை உண்டு. நாள் முழுவதிலும் ஏழுக்குக் குறைவான நிகழ்வுகள், 90 நிமிடத்துக்கு மேல் வெற்றிடம், அல்லது தூக்கம், உடல் சுத்தம், சாப்பாடு, நடமாட்டம் ஆகிய நான்கில் இரண்டு காணவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் படிவத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ‘9 முதல் 1 வரை வீட்டு வேலை’ என்று ஒரே கோடு இழுத்த படிவம் வந்தால், அன்றே திரும்பப் போய், ‘எதில் தொடங்கினீர்கள், அதற்கப்புறம்?’ என்று வரிசையாகக் கேட்டு உடைத்தெழுத வேண்டும். மூன்று நாள் தாண்டினால் ஞாபகம் கரைந்துவிடும்.

சொந்த வார்த்தையில் எழுதிய வேலைகளை வகை பிரித்துக் குறியீடு போட ஐ.நா.வின் 2016 நேரப் பயன்பாட்டு வகைப்பாடு போதுமானது. ஒன்பது பெரும் பிரிவுகளில் கூலியில்லா வீட்டுப் பணியும் கூலியில்லா பராமரிப்பும் தனித்தனியாக இருக்கின்றன. எல்லைத் தகராறுகள் வரும்: குழந்தையோடு விளையாடியது பராமரிப்பா, பொழுதுபோக்கா? பராமரிப்பில் போடுங்கள், எல்லாப் படிவத்துக்கும் அப்படியே போடுங்கள். பத்தில் ஒரு பங்கு படிவங்களை இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிட்டால், எங்கே கை தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும்.

செல்போன் ஆப்கள் பற்றிச் சுருக்கமாக: நேரம் துல்லியமாக விழுகிறது, கைப்பிழை குறைகிறது, ஆனால் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுக்க வைப்பதால் சொந்த வார்த்தை போய்விடுகிறது. ‘மாமனாருக்குப் பிடிக்கும் என்று செய்தேன்’ என்ற நான்கு சொல்லுக்குள் அடங்குகிற உறவு, ‘சமையல்’ என்ற பொத்தானில் இல்லை. ஆயிரக்கணக்கானோரின் சராசரி வேண்டுமானால் ஆப். குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் காகிதம்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்க மறக்காதீர்கள்: இது வழக்கமான நாளா? எப்போது நிரப்பினீர்கள், அவ்வப்போதா, இரவில் மொத்தமாகவா? நிரப்பியது நீங்களேதானா? மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். தம்பதியின் இரண்டு படிவங்களிலும் ஒரே கையெழுத்து இருந்தால் கணவருடையதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு மனைவியின் படிவத்தைத் திறந்து, கணவருக்காகவும் உட்கார்ந்து எழுதிய அந்த 20 நிமிடம் இரவு 9 மணிக்குமேல் எந்த வரியிலாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.